திரையில் தெரியாத உயரம்

சுருளி அருவிக்குச் சுற்றுலா போகிறவர்கள் மலைச்சரிவைப் பார்த்து ஒரு முறையாவது 'ஓ' என்று கூவாமல் திரும்புவதில்லை. கூவியவுடன் மலையும் திருப்பிக் கூவுகிறது. கூவலுக்கும் எதிரொலிக்கும் இடையே இரண்டு விநாடி ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மலை எவ்வளவு தொலைவில் இருக்கிறது? ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் செல்லும். இரண்டு விநாடியில் 680 மீட்டர். இதில் பாதி போவதற்கு, பாதி வருவதற்கு. ஆகவே மலை 340 மீட்டர் தொலைவில் இருக்கிறது. இந்தக் கணக்கைப் போடத் தெரிந்த உங்களுக்கு ராடாரின் தத்துவத்தில் பாதி தெரிந்துவிட்டது எனலாம்.

ராடார் கூவுவது ஒலியால் அன்று, வானொலி அலையால். அந்த அலை விநாடிக்கு 3 லட்சம் கி.மீ. வேகத்தில் செல்வது. மதுரை விமான நிலையத்தில் ஒரு ராடார் சுற்றிக்கொண்டிருப்பதாகக் கற்பனை செய்வோம். அங்கிருந்து தேனி நேர்கோட்டில் சுமார் 70 கி.மீ. தேனிக்கு மேலே பறக்கும் விமானத்தில் அலை மோதித் திரும்ப 140 கி.மீ. பயணம். 140-ஐ 3 லட்சத்தால் வகுத்துப் பாருங்கள். ஒரு விநாடியை இரண்டாயிரமாகப் பங்கு போட்டால் வரும் ஒரு பங்கை விடவும் குறைந்த நேரம்! இந்த நேரத்தை அளந்துதான் ராடார் தொலைவைச் சொல்கிறது. திசையைச் சொல்வது இன்னும் எளிது. ராடாரின் அலைவாங்கி எந்தப் பக்கம் திரும்பியிருந்தபோது எதிரொலி வந்ததோ, அந்தப் பக்கம்தான் விமானம்.

தொலைவு தெரிந்தது, திசை தெரிந்தது. உயரம்?

இங்கேதான் சங்கதி இருக்கிறது. விமான நிலையங்களில் உள்ள சாதாரண ராடாரின் அலைக்கற்றை செங்குத்தாக நிறுத்திய முறத்தைப் போன்றது. பக்கவாட்டில் மெல்லியது, மேலும் கீழும் அகன்றது. தாழப் பறக்கும் விமானமும் உயரப் பறக்கும் விமானமும் ஒரே முறத்துக்குள் அகப்பட்டுவிடும். இரண்டிலிருந்தும் எதிரொலி வரும். எது மேலே, எது கீழே என்பதை மட்டும் இந்த ராடாரால் சொல்ல முடியாது. வானத்துக்கு நீளம், அகலம், உயரம் என்று மூன்று அளவுகள் உண்டு, திரைக்கோ இரண்டுதான். இந்தக் குறை என்ன விலை வாங்கியது என்பதைப் பின்னால் பார்ப்போம்.

இருட்டறையில் ஒரு பச்சைக் கோடு

பழைய ராடார் அறைகள் சினிமாக் கொட்டகையைப் போல இருட்டாக இருக்கும். நடுவே வட்டமான திரை. அதன் மையத்திலிருந்து விளிம்பு வரை ஓர் ஒளிக்கோடு, கடிகாரத்தின் விநாடி முள்ளைப் போலச் சுற்றி வரும். வெளியே அலைவாங்கி எந்த வேகத்தில் சுற்றுகிறதோ அதே வேகத்தில் திரைக்குள் இந்தக் கோடும் சுற்றும். விமான நிலையத்தை ஒட்டிய வான்வெளியைக் கவனிக்கும் ராடார் ஒரு சுற்றுச் சுற்ற நான்கைந்து விநாடி ஆகும். விமானம் இருக்கும் இடத்தைக் கோடு கடக்கும்போது ஒரு சிறு பொட்டு பளிச்சிடும். உடனே மங்கத் தொடங்கும். அடுத்த சுற்று வந்தால்தான் மறுபடியும் பளிச்சிடும்.

திரையின் உட்புறம் பூசப்பட்ட ஒளிர்பொருள் மின்மினியைப் போல உடனே அணைந்துவிடக் கூடாது. அடுப்புத் தணலைப் போலக் கொஞ்ச நேரம் கனன்றுகொண்டிருக்க வேண்டும். அப்போதுதான் பொட்டின் பின்னால் ஒரு மங்கிய வால் தெரியும். விமானம் எந்தப் பக்கமாகப் போகிறது என்பதை அந்த வாலைப் பார்த்துத்தான் கண்டுகொள்வார்கள். அந்த மங்கல் ஒளியைக் காண்பதற்காகவே அறையை இருட்டாக வைத்திருந்தார்கள்.

பொட்டுகளுக்குப் பெயர் கிடையாது என்பது பெரிய தொல்லை. பத்து விமானம் பறந்தால் பத்தும் ஒரே மாதிரிப் பொட்டு. அமெரிக்காவில் ஒரு காலத்தில் திரையை மேஜையைப் போலப் படுக்கை வசத்தில் வைத்து, விமானத்தின் பெயரை எழுதிய சிறு பிளாஸ்டிக் வில்லையைப் பொட்டின் மேல் வைத்து, பொட்டு நகர நகர விரலால் தள்ளிக்கொண்டே போனார்கள். தாயக் கட்டத்தில் காய் நகர்த்துவது போலத்தான். சிரிப்பு வரலாம். ஆனால் நூற்றுக்கணக்கான உயிர்கள் அந்தக் காய்களில் இருந்தன.

மலையும் காற்றாலையும் செய்யும் குறும்பு

விமானம் மட்டுமா எதிரொலி தரும்? மலையும் தரும், கட்டடமும் தரும், மழை மேகமும் தரும். இலையுதிர் காலத்தில் கூட்டம் கூட்டமாக வலசை போகும் பறவைகளும் தரும். இப்படி வேண்டாத எதிரொலிகள் திரையை மூடிக்கொண்டால், அவற்றுக்கு நடுவே விமானத்தைத் தேடுவது வைக்கோற்போரில் ஊசியைத் தேடுவதாகிவிடும்.

இதற்கு ஒரு தந்திரம் கண்டுபிடித்தார்கள். நெருங்கி வரும் ரயிலின் ஊதல் கூர்மையாகவும், விலகிப் போகும் ரயிலின் ஊதல் தணிந்தும் கேட்கும் அல்லவா? டாப்ளர் விளைவு என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். அசையாத மலையிலிருந்து திரும்பும் அலையில் அதிர்வெண் மாறாது. ஓடும் விமானத்திலிருந்து திரும்பும் அலையில் மாறும். மாறாததையெல்லாம் தள்ளிவிட்டு, மாறியதை மட்டும் திரையில் காட்டு என்று கருவிக்குச் சொல்லிவிட்டால் போதும். மலை மறைந்துவிடும், விமானம் நிற்கும்.

நல்ல தந்திரம்தான். ஆனால் தேனி மாவட்டத்து மாணவர்கள் இதில் ஒரு ஓட்டையை உடனே கண்டுபிடிக்கலாம். ஆண்டிபட்டி, கண்டமனூர்ப் பக்கம் போனால் வரிசையாகக் காற்றாலைகள் நிற்கின்றன. கோபுரம் அசைவதில்லை, சிறகுகளோ சுற்றுகின்றன. 50 மீட்டர் விட்டமுள்ள சிறகு நிமிடத்துக்கு 28 முறை சுற்றினால் அதன் நுனி என்ன வேகத்தில் போகும்? வட்டத்தின் சுற்றளவைக் கண்டு பெருக்கிப் பாருங்கள். விநாடிக்குச் சுமார் 73 மீட்டர். அதாவது மணிக்கு 260 கி.மீ.க்கு மேல். இது இறங்க வரும் விமானத்தின் வேகம்! காற்றாலை ராடாரின் பார்வைக்குள் இருந்தால், அசையாததைத் தள்ளும் சல்லடையில் இது சிக்காது. இருந்த இடத்திலேயே இருந்துகொண்டு, ஒரு சுற்றில் தோன்றி மறு சுற்றில் மறையும் கள்ளப் பொட்டாகத் திரையில் நிற்கும். பிரிட்டன் முதலிய நாடுகளில் புதிய காற்றாலைப் பண்ணை அமைக்கும் முன் பக்கத்து ராடாருக்கு இடைஞ்சல் உண்டா என்று ஆராய்வது இதனால்தான்.

மலையின் குறும்பு வேறு வகை. அது தன்னைக் காட்டுவதோடு நிற்காமல் தனக்குப் பின்னால் உள்ளதை மறைக்கவும் செய்யும். கம்பம் பள்ளத்தாக்கு மேற்கே ஏலமலைக்கும் கிழக்கே மேகமலைக்கும் இடையே தொட்டியைப் போல அமைந்தது. மலைக்கு மேற்கே, கேரளக் கடற்கரைப் பக்கம் ஒரு ராடார் இருப்பதாகக் கொள்வோம். அங்கிருந்து 80 கி.மீ. தொலைவில் 1500 மீட்டர் உயர மலை, 100 கி.மீ. தொலைவில் பள்ளத்தாக்கு. ஒத்த முக்கோணங்கள் பாடத்தை இங்கே கொண்டு வாருங்கள். 1500-ஐ 100-ஆல் பெருக்கி 80-ஆல் வகுத்தால் 1875 மீட்டர். பூமி உருண்டை என்பதால் உண்மையில் இது சுமார் 2000 மீட்டர் ஆகிவிடும். பள்ளத்தாக்கின் தரை கடல்மட்டத்திலிருந்து சுமார் 400 மீட்டர் உயரத்தில் இருப்பதாகக் கொண்டால், உங்கள் தலைக்கு மேலே ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேற்பட்ட காற்றுவெளி அந்த ராடாருக்குத் தெரியாது. 10,000 மீட்டரில் பறக்கும் பயணி விமானம் பளிச்சென்று தெரியும். தாழப் பறக்கும் ஹெலிகாப்டர் தெரியாது. அதற்காகத்தான் பல ஊர்களில் உள்ள ராடார்களின் செய்திகளை ஒன்றாகத் தைத்து ஒரே படமாக்கிக் கட்டுப்பாட்டு அதிகாரியின் திரையில் காட்டுகிறார்கள். இந்தியாவின் வான்வெளி டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை என நான்கு பெரிய வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. தேனிக்கு மேலே உள்ள வானம் சென்னை வட்டாரத்தைச் சேர்ந்தது.

"எல்லாரும் உள்ளேன் ஐயா!"

உயரம் தெரியாத குறைக்கு வருவோம். இதைத் தீர்க்க வந்ததுதான் இரண்டாம் நிலை ராடார். முதல் வகை ராடார் விமானத்தின் மேல் அலையை எறிந்து எதிரொலிக்குக் காத்திருக்கிறது. இரண்டாம் வகை, விமானத்தைப் பார்த்துக் கேள்வி கேட்கிறது. விமானத்தில் உள்ள டிரான்ஸ்பாண்டர் என்ற கருவி பதில் சொல்கிறது. கேள்வி 1030 மெகாஹெர்ட்ஸில், பதில் 1090 மெகாஹெர்ட்ஸில். "நீ யார்?" என்றால் நான்கு இலக்க எண் ஒன்று வரும். ஒவ்வோர் இலக்கமும் 0 முதல் 7 வரைதான். ஆகவே மொத்தம் 4096 எண்கள். "எவ்வளவு உயரம்?" என்றால் விமானத்தின் சொந்த உயரமானி காட்டும் அளவு நூறு நூறு அடிக் கணக்கில் வரும். பொட்டின் பக்கத்திலேயே பெயரும் உயரமும் எழுத்தில் தோன்றும். பிளாஸ்டிக் வில்லைக்கு வேலை போயிற்று.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. ஆசிரியர் வகுப்பில் நுழைந்து, "எல்லாரும் பெயர் சொல்லுங்கள்" என்றால் என்ன ஆகும்? ஒரே கூச்சல். டிரான்ஸ்பாண்டரின் ஒரு பதில் சுமார் 20 மைக்ரோ விநாடி நீளமானது. ஒரே திசையில் 3 கி.மீ. இடைவெளிக்குள் இரண்டு விமானங்கள் இருந்தால் இரண்டின் பதில்களும் ஒன்றன் மேல் ஒன்று விழுந்து குழம்பிவிடும். உயரம் தவறாகத் தெரியலாம், தெரியாமலே போகலாம். இரண்டும் நெருங்கி இருக்கும்போதுதான் நமக்குச் சரியான உயரம் தேவை. அப்போதுதான் அது குழம்புகிறது! பின்னால் வந்த முறையில் ஒவ்வொரு விமானத்துக்கும் 24 பிட் நீளமுள்ள தனி எண் கொடுத்தார்கள். மொத்தம் ஒரு கோடியே 67 லட்சத்துக்கு மேல் எண்கள். இப்போது ராடார் வருகைப் பதிவேட்டைப் பார்த்து ஒவ்வொருவராகக் கூப்பிடுகிறது.

1996 நவம்பர் 12

அன்று மாலை டெல்லி விமான நிலையத்தில் இரண்டாம் நிலை ராடார் பயன்பாட்டில் இல்லை. முதல் வகை மட்டுமே. திரையில் தொலைவும் திசையும் தெரியும். உயரத்தை விமானிகள் வாயால் சொன்னால்தான் உண்டு.

மாலை 6.32-க்கு சவூதி அரேபிய நிறுவனத்தின் போயிங் 747 விமானம் 312 பேருடன் டெல்லியிலிருந்து கிளம்பியது. அதே சமயம் கஜகஸ்தானின் இல்யூஷின் 76 விமானம் 37 பேருடன் டெல்லியில் இறங்க வந்துகொண்டிருந்தது. டெல்லியைச் சுற்றியுள்ள வானத்தில் பெரும்பகுதி ராணுவத்துக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. ஆகவே போகிறவர்களுக்கும் வருகிறவர்களுக்கும் ஒரே பாதை. ஒற்றையடி மலைப்பாதையில் எதிரெதிரே இரண்டு லாரிகள் வருவது போல. ஆனால் வானத்தில் ஒரு வசதி உண்டு, ஒன்றை மேலேயும் மற்றதைக் கீழேயும் அனுப்பலாம். கட்டுப்பாட்டு அதிகாரி கஜக் விமானத்தை 15,000 அடிக்கு இறங்கி நிற்கச் சொன்னார். சவூதி விமானத்தை 14,000 அடிக்கு ஏறி நிற்கச் சொன்னார். நடுவே ஆயிரம் அடி. அதாவது 300 மீட்டருக்குச் சற்று அதிகம். இது உலகெங்கும் ஒப்புக்கொள்ளப்பட்ட பாதுகாப்பான இடைவெளி. எதிரே 14 மைலில் ஒரு விமானம் வருகிறது என்றும் கஜக் விமானத்துக்குச் சொன்னார்.

கஜக் விமானம் 15,000 அடியில் நிற்கவில்லை. தொடர்ந்து இறங்கியது. அந்த விமானத்தில் தரையோடு பேசிக்கொண்டிருந்தவர் வானொலி இயக்குநர். அவருக்கென்று தனி உயரமானி இல்லை. விமானிகளின் கருவியை எட்டிப் பார்க்க வேண்டும். ஆங்கிலமும் அவர்களுக்குச் சரளமாக வராது. மாலை 6.40 மணிக்கு அரியானாவில் சார்க்கி தாத்ரி என்ற ஊருக்கு அருகே, சுமார் 14,000 அடி உயரத்தில் இரண்டும் மோதின. 349 பேரும் இறந்தனர். வானத்தில் இரு விமானங்கள் மோதிக்கொண்ட விபத்துகளில் இதைவிட அதிக உயிர்களைப் பறித்தது வேறில்லை.

விசாரணை நடத்திய நீதிபதி லகோத்தி குழு, கஜக் விமானம் அனுமதித்த உயரத்துக்குக் கீழே இறங்கியதே காரணம் என்றது. கட்டுப்பாட்டு அதிகாரி கொடுத்த உத்தரவுகள் சரியானவை. இதில் எனக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் அந்த அதிகாரியின் நாற்காலியில் ஒரு நிமிடம் உட்கார்ந்து பாருங்கள். திரையில் இரண்டு பொட்டுகள் நெருங்குகின்றன. ஒன்று மேலே, ஒன்று கீழே என்று அவர் நினைத்திருக்கிறார். அவருடைய உத்தரவு அப்படி. பொட்டுகள் நெருங்குவது அவருக்கு அதிர்ச்சி தரவில்லை, ஏனென்றால் அவை ஒன்றையொன்று கடந்துதான் போக வேண்டும். பிறகு இரண்டு பொட்டும் ஒன்றாகி, திரையிலிருந்து மறைகின்றன. 150 என்று நிற்க வேண்டிய எண் 148, 146 என்று குறைவதை அவர் கண்ணால் கண்டிருந்தால் "ஏறு, ஏறு" என்று கத்துவதற்குச் சில விநாடிகள் கிடைத்திருக்கலாம். அந்த எண் அவருடைய திரையில் இல்லை.

அந்த விபத்துக்குப் பிறகு டெல்லியில் வருகைக்கும் புறப்பாட்டுக்கும் தனித்தனிப் பாதைகள் வந்தன. இந்திய வானில் பறக்கும் பயணி விமானங்களில் மோதல் எச்சரிக்கைக் கருவி கட்டாயமாயிற்று. இரண்டு விமானங்களின் டிரான்ஸ்பாண்டர்களும் தங்களுக்குள்ளே பேசிக்கொண்டு, "நீ ஏறு, நான் இறங்குகிறேன்" என்று முடிவு செய்யும் கருவி அது. தரையில் உள்ள திரை எப்படியிருந்தாலும் அது வேலை செய்யும்.

திரை கறுத்தால்?

இன்றைய ராடார் அறையில் இருட்டு இல்லை, சுற்றும் கோடும் இல்லை. பெரிய தட்டைத் திரை; அதில் கணிப்பொறி வரைந்த படம். நோயும் அதற்கேற்ப மாறிவிட்டது. முன்பு படம் மங்கும், கலங்கும். இப்போது ஒன்று, தெளிவாக இருக்கும். அல்லது அடியோடு போய்விடும்.

2025 ஏப்ரல் 28-ஆம் தேதி அமெரிக்காவில், நெவார்க் விமான நிலையத்துக்கு வரும் விமானங்களை நடத்தும் பிலடெல்பியா கட்டுப்பாட்டு அறையில் ராடார் திரைகள் கறுத்தன. வானொலித் தொடர்பும் போயிற்று. சுமார் 90 விநாடி. ராடார் கெடவில்லை, ராடார் செய்தியைக் கொண்டு வந்த தொலைத்தொடர்புக் கம்பிப் பாதை அறுந்தது, மாற்றுப் பாதை உடனே கைகொடுக்கவில்லை. மே 9-ஆம் தேதி விடிகாலையில் மறுபடியும் அதே கதை. 90 விநாடிதானே என்று தோன்றும். மணிக்கு 400 கி.மீ. வேகத்தில் வரும் விமானம் அதற்குள் 10 கி.மீ. போய்விடும்.

கறுத்த திரையை விடவும் கெட்டது ஒன்று உண்டு, உறைந்த திரை. கறுத்தால் கறுத்தது என்று தெரியும். கணிப்பொறி சிக்கிக்கொண்டு, பழைய படம் அப்படியே நின்றால், எல்லாம் சரியாக இருப்பது போலவே தோன்றும். அதிகாரி பார்ப்பது நேற்றைய செய்தித்தாளாக இருக்கும். திரையின் ஓரத்தில் விநாடி காட்டும் கடிகாரம் ஓடிக்கொண்டிருப்பது அழகுக்காக அன்று. அது நின்றால் படமும் நின்றதாகச் சந்தேகப்பட வேண்டும்.

திரை போனால் விமானங்கள் உடனே மோதிக்கொள்ளுமா? மோதா. அதிகாரிகள் பழைய முறைக்குத் திரும்புவார்கள். விமானங்களை வெவ்வேறு உயரங்களில் ஆயிரம் அடி இடைவெளியில் அடுக்குவார்கள். காகிதத் துண்டுகளில் பெயர், உயரம், நேரம் எழுதி வரிசையாக வைத்துக்கொள்வார்கள். ஒரே உயரத்தில் பறப்பவர்களுக்குள் தொலைவுக்குப் பதில் நேரத்தைக் கணக்கிடுவார்கள். ஒருவர் போய்ப் பத்து நிமிடம் கழித்து மற்றவர் என்ற அளவில் விடுவார்கள். மணிக்கு 800 கி.மீ. வேகத்தில் பத்து நிமிடம் என்றால் 133 கி.மீ. ராடார் இருந்தால் சுமார் 9 கி.மீ. போதும். அதாவது பதினான்கு விமானம் போகும் இடத்தில் ஒன்றுதான் போகலாம். வானம் பத்திரமாக இருக்கும், விமான நிலையம் நிரம்பி வழியும். மறுநாள் செய்தித்தாளில் 'தாமதம்' என்று படிக்கிறோமே, அந்தத் தாமதம்தான் பாதுகாப்பு.

2025 நவம்பர் 6-ஆம் தேதி டெல்லியிலும் இதன் ஒரு சாயலைக் கண்டோம். அங்கே ராடார் திரை அணையவில்லை. விமானங்களின் பயணத் திட்டங்களைத் தானாகவே வாங்கி அதிகாரிகளின் கணிப்பொறிக்குக் கொடுக்கும் செய்திப் பரிமாற்ற அமைப்பு பழுதுபட்டது. பயணத் திட்டங்களை ஊழியர்கள் கையால் தயாரிக்க வேண்டியதாயிற்று. மறுநாள் 800-க்கு மேற்பட்ட விமானங்கள் தாமதமாயின.

இனி உங்களுக்கு ஒரு சோதனை. இன்றைய விமானங்கள் செயற்கைக்கோள் உதவியால் தம் இடத்தைக் கண்டறிந்து, யாரும் கேட்காமலே, அதே 1090 மெகாஹெர்ட்ஸில் தம் பெயரையும் இடத்தையும் உயரத்தையும் அறிவித்துக்கொண்டே போகின்றன. ஆர்வலர்கள் தம் வீட்டு மாடியில் சிறு வாங்கி வைத்து இதைக் கேட்கலாம். கைபேசியில் விமானங்களைக் காட்டும் செயலிகள் பெரும்பாலும் அப்படிக் கிடைத்த செய்தியைத்தான் காட்டுகின்றன. மேகமில்லாத மாலையில் சின்னமனூரிலோ கம்பத்திலோ மொட்டை மாடியில் ஏறி, உச்சிக்கு நேரே போகும் விமானம் ஒன்றைப் பிடியுங்கள். செயலியில் அதன் உயரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். 10,000 மீட்டர் என்றால் அதன் ஓசை உங்களை வந்தடைய அரை நிமிடம் பிடிக்கும். கடிகாரத்தை வைத்துச் சரிபாருங்கள். ஓசை உச்சியிலிருந்து கேட்கும்போது விமானத்தை அங்கே தேடாதீர்கள்; அது ஏழு கிலோமீட்டர் தள்ளி, மலைக்கு மேலே போய்க்கொண்டிருக்கும்.